மவுல்புரொன் மடமும் 409 வருடப் பிணக்கும்



ஐரோப்பாவின் சமயச் சீர்திருத்தப் பாடத்தை வகுப்பில் நாம் எடுக்கும்போதெல்லாம் ஏதாவதொரு பிள்ளை எழும்பிக் கேட்கும்: "சேர், ரெண்டு பக்கமும் கிறிஸ்தவங்கதானே, வேதமும் ஒண்டுதானே, பிறகு ஏன் இப்படி அடிபட்டாங்க?" மார்டின் லூதர், 1517, பாவமன்னிப்புச் சீட்டு, பாப்பரசரின் கோபம் என்று ஒரு பதில் நம்மிடம் உண்டு. பரீட்சைக்கு அது போதும். அந்தப் பிள்ளையின் கேள்விக்கு அது போதாது. ஏனென்றால் சீர்திருத்தம் செய்தவர்களே பிறகு தங்களுக்குள் பிரிந்தார்கள். அந்தப் பிரிவு ஆற எவ்வளவு காலம் எடுத்தது என்பதை எவரும் பரீட்சையில் கேட்பதில்லை.

அதை விளங்கிக்கொள்ள ஜேர்மனி முழுவதையும் படிக்கத் தேவையில்லை. ஒரேயொரு சிற்றூரின் கதை போதும். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள்.

அந்த ஊரின் பெயர் மவுல்புரொன். ஜேர்மனியின் தென்மேற்கில், ஸ்டுட்கார்ட் நகருக்கும் கார்ல்ஸ்ரூ நகருக்கும் இடையில், காடும் திராட்சைத் தோட்டமும் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. இன்றும் சில ஆயிரம் பேர் வாழும் சிறிய இடம். அங்கே ஊர் தோன்றி மடம் கட்டப்படவில்லை. மடம் கட்டப்பட்ட பிறகே அதைச் சுற்றி ஊர் உண்டானது.

1138இல் வால்டர் என்ற பிரபு ஒருவர் தன் நிலத்தைத் துறவிகளுக்குக் கொடுத்தார். நம் வழக்கில் சொன்னால் வக்பு மாதிரி. அந்த இடம் மடத்துக்கு ஒத்துவராததால் ஸ்பையர் நகரத்து ஆயர் குந்தர் அவர்களுக்கு வேறு இடம் ஒழுங்கு செய்தார். 1147இல் துறவிகள் மவுல்புரொனுக்கு வந்தார்கள். கோவேறு கழுதை ஒன்றை அவிழ்த்துவிட்டார்களாம், அது தண்ணீர் கண்டு நின்ற இடத்தில் மடத்தைக் கட்டினார்களாம். ஊரின் பெயருக்கு அங்குள்ளவர்கள் சொல்லும் கதை அது.

வந்தவர்கள் சிஸ்டேர்சியன் என்ற பிரிவைச் சேர்ந்த துறவிகள். வெள்ளை அங்கி அணிவார்கள். ஆடம்பரம் கூடாது, ஊரை விட்டு ஒதுங்க வேண்டும், சொந்த உழைப்பில் உண்ண வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். காட்டை வெட்டினார்கள், சதுப்பு நிலத்தை வற்றவைத்தார்கள், வாய்க்கால் வெட்டிக் குளங்களை ஒன்றோடொன்று இணைத்தார்கள். அவர்கள் இறைச்சியைத் தவிர்த்ததால் குளங்களில் மீன் வளர்த்தார்கள். அந்த நீர்த்திட்டத்தின் பல பகுதிகள் இன்னும் மண்ணில் இருக்கின்றன. 1993இல் யுனெஸ்கோ இந்த மடத்தை உலக மரபுரிமைச் சொத்தாக ஏற்றுக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் மனதை உறுத்தும் ஒரு விடயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மடம் இங்கே வந்த அதே 1147இல்தான் இரண்டாம் சிலுவைப் போருக்கு ஐரோப்பியப் படைகள் புறப்பட்டன. அதற்காக ஊர் ஊராகப் பிரசங்கம் செய்து ஆள் சேர்த்தவர் இதே சிஸ்டேர்சியன் பிரிவின் மிகப் பெரிய தலைவரான பேர்னாட். 1146 டிசம்பரில் இதே ஸ்பையர் நகரத் தேவாலயத்தில் அவர் பேசிய பேச்சைக் கேட்டுத்தான் ஜேர்மன் அரசர் கொன்ராட் சிலுவையை ஏற்றார். அந்தப் போர் 1148இல் டமஸ்கஸ் நகரின் முன்னால் தோற்று முடிந்தது. அதே பேர்னாட்தான், அந்நாட்களில் ரைன் நதிக்கரை யூதர்களைக் கொல்லத் தூண்டிய ஒரு துறவியை நேரில் போய்த் தடுத்தவரும் ஆவார். மனிதர்கள் ஒரே நிறத்தில் இருப்பதில்லை.

1178இல் மடத்தின் தேவாலயம் திறக்கப்பட்டது. உள்ளே குறுக்காக ஒரு கற்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் படித்த துறவிகள், இந்தப் பக்கம் வயலிலும் தொழுவத்திலும் வேலை செய்த பணித்துறவிகள். சாப்பாட்டு மண்டபமும் இருவருக்கும் வேறு வேறு. உழைத்து உண்ண வந்தவர்களிடம் காலப்போக்கில் சொத்துச் சேர்ந்தது. சுற்றியிருந்த கிராமங்கள் மடத்துக்கு வரி கட்டின. 1525இல் ஜேர்மன் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது இந்த மடத்துக்குள்ளும் புகுந்து அதைப் பிடித்துக்கொண்டார்கள். கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது.

அதற்குள் லூதரின் சீர்திருத்தம் நாடெங்கும் பரவிவிட்டது. மவுல்புரொன் இருந்த பகுதியை வூர்ட்டம்பேர்க் கோமகன் உல்ரிக் ஆண்டார். நாடிழந்து திரிந்த அவர் 1534இல் திரும்பி வந்ததும் தன் நாட்டைப் புரட்டஸ்தாந்து நாடாக மாற்றினார். மடங்களின் சொத்துகள் அரசின் கைக்குப் போயின. பிற மடங்களில் மாற மறுத்த துறவிகளை மவுல்புரொனுக்குக் கொண்டுவந்து ஒதுக்கினார்கள். பிறகு கத்தோலிக்கப் பேரரசரின் கை ஓங்கியது. 1548இல் அவர் போட்ட உத்தரவோடு கத்தோலிக்கத் துறவிகள் மடத்துக்குத் திரும்பினார்கள். 1555இல் அவுக்ஸ்பேர்க் உடன்படிக்கை வந்தது. ஆள்பவர் எந்தச் சமயமோ அதுவே குடிகளின் சமயம் என்பது அதன் சாரம். கத்தோலிக்கமா லூதரனியமா, இரண்டில் ஒன்று. மூன்றாவதற்கு அதில் இடமில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உல்ரிக்கின் மகன் கிறிஸ்டொஃப் 1556இல் எடுத்த முடிவுக்காக ஆசிரியர்களாகிய நாம் அவரை மறக்கக் கூடாது. மடங்களை விற்றுக் காசாக்க அவருக்கு வழி இருந்தது. அவர் அப்படிச் செய்யாமல் மவுல்புரொன் உட்பட 13 மடங்களைப் பாடசாலைகளாக மாற்றினார். இறைவனுக்கென்று கொடுத்த சொத்து, இறைபணிக்குப் பிள்ளைகளை உருவாக்கட்டும் என்பது நோக்கம். கெட்டிக்காரப் பிள்ளைகளை நாடளாவிய பரீட்சை வைத்துத் தெரிவு செய்தார்கள். தெரிவானவர்களுக்குப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். படித்து முடித்தால் திருச்சபையில் பணியாற்ற வேண்டும் என்பதே நிபந்தனை. நம் புலமைப்பரிசில் பரீட்சை பிள்ளைகளுக்கு இது புதிதாகத் தெரியாது.

இதே பாடசாலையில்தான் நாம் சொல்ல வந்த பிணக்கும் நடந்தது.

லூதரைப் பின்பற்றியவர்கள் வூர்ட்டம்பேர்க்கில் இருந்தார்கள். பக்கத்து நாடான பலற்றினேற்றின் ஆட்சியாளர் மூன்றாம் பிரெட்றிக் கல்வினின் வழிக்குப் போய்விட்டார். இருவருமே பாப்பரசரை விட்டு விலகியவர்கள். இருவருக்கும் வேதம் ஒன்று. பிரச்சினை வழிபாட்டில் அவர்கள் பகிரும் அப்பத்திலும் திராட்சை ரசத்திலும் வந்தது. அதில் இயேசுவின் உடல் உண்மையாகவே இருக்கிறது, அவருடைய உடல் எங்கும் இருக்க வல்லது என்றார்கள் லூதரன் அறிஞர்கள். அவருடைய உடல் வானத்தில் இருக்கிறது, இங்கே விசுவாசிகள் ஆவியினால் மட்டுமே அவரோடு சேர்கிறார்கள் என்றார்கள் கல்வின் வழியினர். ஈஸா நபியைப் பற்றிய நமது அகீதா வேறு என்பது நாம் அறிந்தது. ஆனால் அவர்களுக்கு இது உயிர் போகும் விடயம்.

1564 ஏப்ரலில் இரு நாட்டு ஆட்சியாளர்களும் தங்கள் அறிஞர்களோடு மவுல்புரொன் மடத்தில் கூடினார்கள். ஒரு பக்கம் பிரென்ஸ், அன்ட்ரேயே. மறு பக்கம் ஒலேவியன், உர்சினுஸ். 10ஆம் திகதி முதல் 15ஆம் திகதி வரை விவாதம் நடந்தது. எல்லாரும் படித்தவர்கள், எல்லாரும் வேதத்தை மூலமொழியில் வாசித்தவர்கள். ஆனாலும் எந்த முடிவும் வரவில்லை. வீட்டுக்குப் போய், வென்றது நாங்கள்தான் என்று இரு பக்கமும் புத்தகம் அச்சடித்தார்கள். இன்றைக்கென்றால் முகநூலில் போட்டிருப்பார்கள்.

12 வருடம் கழித்து, 1576 ஜனவரியில், அதே மடத்தில் இன்னொரு கூட்டம். இம்முறை மறுபக்கத்தை அழைக்கவில்லை. லூதரன் அறிஞர்கள் மட்டும் கூடி, சரியான கொள்கை எது, பிழையான கொள்கை எது என்று ஓர் ஆவணத்தில் கையெழுத்திட்டார்கள். மவுல்புரொன் ஆவணம் என்பது அதன் பெயர். அதையும் இன்னொரு வரைவையும் சேர்த்துத்தான் 1577இல் 'இணக்க வாக்கியம்' என்ற கொள்கை நூல் உருவானது. பெயர் இணக்கம். ஆனால் அதில் உடன்படாதவர்களுக்குக் கண்டனமும் இருந்தது. வூர்ட்டம்பேர்க்கில் போதகராக விரும்பியவர் எவரும் அதில் கையெழுத்திட வேண்டியிருந்தது.

இன்னும் 10 வருடம் போனது. 1586இல் 15 வயது நிறையாத ஒரு பையன் அந்த மடத்துப் பாடசாலைக்கு வந்தான். தகப்பன் கூலிப்படைச் சிப்பாய், குடும்பத்தை விட்டுப் போனவர். தாய் ஒரு சத்திரக்காரரின் மகள். சின்ன வயதில் வந்த அம்மை நோயால் பையனுக்குப் பார்வை குறைவு. வீட்டில் காசும் இல்லை. கிறிஸ்டொஃப் கோமகனின் இலவசக் கல்வி இல்லாவிட்டால் அவன் ஒரு சத்திரத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்திருப்பான். அவன் பெயர் யொஹானஸ் கெப்லர். கோள்கள் சூரியனை நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று பின்னாளில் கண்டுபிடித்த அதே கெப்லர்தான்.

அங்கே கோடையில் காலை நாலு மணிக்கும் குளிர்காலத்தில் ஐந்து மணிக்கும் எழும்பிச் சங்கீதம் ஓத வேண்டும். பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவதும் லத்தீனில்தான். ஆனால் கெப்லரின் மனதில் வேறொரு உறுத்தல் இருந்தது. கல்வின் வழியினரைத் திட்டி நடக்கும் பிரசங்கங்களைக் கேட்கும்போதெல்லாம் தான் வேதனைப்பட்டதாகப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். மற்றவர் தரப்பையும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் அவருக்குச் சிறுவயதிலேயே இருந்தது.

பிறகு டூபிங்கன் பல்கலைக்கழகம். போதகராகப் போக வேண்டியவர், 1594இல் ஒஸ்திரியாவின் கிராஸ் நகரத்துக்குக் கணித ஆசிரியராகப் போனார். அது கத்தோலிக்க ஆட்சி நடந்த இடம். 1600இல், கத்தோலிக்கராக மாற மறுத்ததற்காக அவரை ஊரை விட்டு விரட்டினார்கள். அங்கிருந்து பிராக். 1604இல் கண் எப்படிப் பார்க்கிறது என்று விளக்கி ஒரு நூல் எழுதினார். பிம்பம் கண்ணின் விழித்திரையில் விழுகிறது என்று சரியாகச் சொன்ன நூல் அது. அதை அவர் விற்றெலோ என்ற பழைய ஐரோப்பிய அறிஞரின் நூலுக்குத் துணைநூலாகவே எழுதினார். அந்த விற்றெலோ பெரும்பாலும் சார்ந்திருந்தது, பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த நம் இப்னுல் ஹைதமை. 1572இல் பாசல் நகரில் இந்த இருவரின் ஒளியியல் நூல்களும் ஒரே புத்தகமாக அச்சாகியிருந்தன. அறிவு எந்த ஊர், எந்த வழி என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை.

1612இல் கெப்லர் லின்ஸ் நகருக்குப் போனார். கத்தோலிக்கர்கள் விரட்டிய மனிதரை அங்கிருந்த லூதரன் சபை அணைத்துக்கொள்ளும் என்றுதானே நினைப்போம்? அங்கே போதகராக இருந்தவர் ஹிற்ஸ்லர். கெப்லர் அவரிடம் மறைக்காமல் தன் மனதைச் சொன்னார். கொள்கை நூலில் ஏறத்தாழ எல்லாம் சரி, ஆனால் இயேசுவின் உடல் எங்கும் இருக்கிறது என்பதில் நிபந்தனையின்றிக் கையெழுத்திட என் மனச்சாட்சி இடம் தரவில்லை, கல்வின் வழியினரைக் கண்டிக்கவும் முடியாது என்றார். அவ்வளவுதான். இனி உனக்கு இந்தச் சபையில் திருவிருந்து இல்லை என்று அவரை ஒதுக்கிவிட்டார்கள். கெப்லர் ஸ்டுட்கார்ட் தலைமைச் சபைக்கு முறையிட்டார். அவர்களும் போதகரின் பக்கமே நின்றார்கள். 1619இல் டூபிங்கன் அறிஞர்களும் கதவை அடைத்தார்கள். அவரைப் படிப்பித்த அதே பல்கலைக்கழகம் அது.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். எந்த மடம் அந்த ஏழைப் பிள்ளைக்குச் சோறு போட்டு எழுத்தறிவித்ததோ, அதே மடத்தில் அவன் வருவதற்குப் 10 வருடத்துக்கு முன்னால் கையெழுத்தான ஆவணம், 26 வருடம் கழித்து, ஓர் உபபிரிவுக்காக அவனைச் சபைக்கு வெளியே நிறுத்தியது. எதிரிகள் செய்ததல்ல. சொந்தக்காரர்கள் செய்தது. கெப்லர் சாகும் வரை அந்தத் தடை நீங்கவில்லை. அவரும் தன் சபையை விட்டு ஓடவில்லை, கத்தோலிக்கராக மாறினால் கிடைக்கக்கூடிய வசதிகளையும் தேடவில்லை. 1630 நவம்பரில் ரேகன்ஸ்பேர்க் நகரில் மரணித்தார். அவரை அடக்கிய மையவாடியும் போரில் அழிந்தது. கப்று இருந்த இடம் இன்று தெரியாது.

அந்தப் போர்தான் முப்பதாண்டுப் போர், 1618 முதல் 1648 வரை. மவுல்புரொன் அதில் கைமாறிக்கொண்டே இருந்தது. 1629இல் பேரரசர், மடங்களைக் கத்தோலிக்கருக்குத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார். 1630இல் துறவிகள் வந்தார்கள். 1632இல் சுவீடன் படைகள் வென்றபோது போனார்கள். 1634இல் திரும்பவும் வந்தார்கள். 1648இல் வெஸ்ட்பாலியா சமாதானம் வந்ததும் கடைசியாகப் போனார்கள். ஒவ்வொரு தரமும் இறைவனின் பெயரால்தான் கதவு உடைக்கப்பட்டது. இடையில் வயல்கள் பாழாகின, கிராமங்கள் வெறிச்சோடின.

இனி இந்தக் கதையின் நல்ல பகுதி. 1699இல் வால்டென்சியர் என்ற அகதிகள் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். இத்தாலி, பிரான்ஸ் எல்லை மலைகளிலிருந்து விரட்டப்பட்டவர்கள். கொள்கையில் கல்வின் வழியினர், அதாவது 1564இல் இதே மடத்தில் உடன்பட மறுத்த அதே கொள்கை. ஆனாலும் வூர்ட்டம்பேர்க் கோமகன் அவர்களை மவுல்புரொனைச் சுற்றிய நிலங்களில் குடியேற அனுமதித்தார். தங்கள் வழியில் வணங்கவும், தங்கள் போதகரை வைத்துக்கொள்ளவும் விட்டார். முழுக்க இரக்கம் என்று சொல்ல முடியாது. போர்களில் பாழாய்க் கிடந்த நிலத்துக்கு உழைக்கும் கை தேவைப்பட்டது. ஆனாலும் அது நடந்தது. அவர்களின் தலைவர் ஹென்றி ஆர்னோ பக்கத்துக் கிராமமான ஷோனன்பேர்க்கில் தான் பணியாற்றிய ஆலயத்திலேயே 1721இல் அடக்கப்பட்டார். அந்த அகதிகள்தான் இந்தப் பகுதிக்கு உருளைக்கிழங்கைக் கொண்டுவந்தவர்கள் என்று இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். 1823இல் அவர்களின் சபைகள் வூர்ட்டம்பேர்க் திருச்சபையோடு சேர்ந்தன. அறிஞர்கள் ஆறு நாள் விவாதித்தும் தீராத விடயம், ஒரே சந்தையில் வாங்கி விற்றுப் பக்கத்துப் பக்கத்து வயலில் வாழ்ந்த சனங்களிடையே மெல்ல மெல்லக் கரைந்தது.

கொள்கை அளவில் அது தீர 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருடம் சுவிற்சர்லாந்தின் லொய்யன்பேர்க் என்ற இடத்தில் ஐரோப்பாவின் லூதரன் சபைகளும் கல்வின் வழிச் சபைகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. வால்டென்சியரும் அதில் சேர்ந்தவர்கள். நமக்குள் கருத்து வேறுபாடு இன்னும் இருக்கிறது, ஆனால் அது நம்மைப் பிரிக்கும் அளவுக்கானதல்ல, 16ஆம் நூற்றாண்டில் ஒருவரை ஒருவர் கண்டித்த கண்டனங்கள் இன்றிருக்கும் நம்மைச் சாரா, இனி ஒருவர் மேசையில் மற்றவர் திருவிருந்து உண்ணலாம் என்பதுதான் அதன் சாரம். 1564இலிருந்து எண்ணிப் பாருங்கள். 409 வருடங்கள்.

அந்த 409 வருடத்தில் எவரும் தங்கள் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 1973இலும் லூதரன் லூதரன்தான், கல்வின் வழியினர் கல்வின் வழியினர்தான். மாறியது ஒன்றுதான். என்னோடு உடன்படாதவன் வெளியே போக வேண்டும் என்பதை விட்டார்கள். அதைக் கெப்லர் 1612இலேயே கேட்டார். அன்று கொடுத்திருந்தால் எவருக்கும் எதுவும் குறைந்திருக்காது.

மடத்துப் பாடசாலை இன்றும் நடக்கிறது. கவிஞர் ஹோல்டர்லின் 1786இல் அங்கே சேர்ந்தார். எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே 1891இல் சேர்ந்து, அந்தக் கடுமை தாங்காமல் அடுத்த வருடம் மார்ச்சில் ஓடிப்போனார். பிறகு அந்த அனுபவத்தை நாவலாக்கினார். ஆசிரியர்களாகிய நமக்கு அதிலும் ஒரு பாடம் உண்டு. 1941இல் நாசிகள் பாடசாலையைப் பறித்தார்கள். போர் முடிந்ததும் அது மீண்டது. பழைய மடத்தில் இன்று ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள்.

உறவுகளே, இது வேறு நாட்டு, வேறு சமயத்தாரின் கதை. அவர்களின் தர்க்கம் நமதல்ல. ஆனால் ஒரு ஊரில் ஒரே கிப்லாவை நோக்கித் தொழும் இருவர், ஓர் உபபிரிவுக்காகச் சலாம் சொல்லாமல் கடந்து போவதை நாம் கண்டதில்லையா? ஒரு கையெழுத்துக்காக, ஒரு பத்வாவுக்காக, ஒரு மையித்துக்குப் போகாமல் விட்டவர்களை நமக்குத் தெரியாதா? இக்திலாஃப் இருக்கும். நம் இமாம்களுக்கிடையிலும் இருந்தது. அது குற்றமல்ல. அதை வைத்து ஒருவரை வாசலுக்கு வெளியே நிறுத்தினால், அந்த வாசலைத் திறக்க நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள்தான் வர வேண்டியிருக்கும்.

அடுத்த தவணையில் அந்தப் பிள்ளை திரும்பவும் எழும்பிக் கேட்டால், "ஏன் அடிபட்டாங்க" என்பதோடு, "எப்ப நிப்பாட்டினாங்க" என்பதையும் சேர்த்துச் சொல்லலாம் என்றிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

வல்ல நாயன் நம் உள்ளங்களை ஒன்று சேர்ப்பானாக. வஸ்ஸலாம்.